ஒரு கிழமை தள்ளி

ரவிசங்கர்: ...அவங்க வந்து கால் மணி நேரம் ஆகுது சார். வெளியில நிக்குறாங்க.

நோபேட்: ஆர் நிக்கினம்?

ரவிசங்கர்: பச்சைச் சட்டைக்காரங்க. ஹாமில்டன் டீம்.

நோபேட்: எங்க நிக்கினம்?

ரவிசங்கர்: நம்ம காலேஜ் ஹால் வாசல்ல. பஸ்ஸை விட்டு இறங்கிட்டாங்க, மழை வேற. கதவு பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்ட...

நோபேட்: பொறும், பொறும். இண்டைக்கு என்ன நாள்?

ரவிசங்கர்: சனிக்கிழமை.

நோபேட்: சனிக்கிழமை அவைக்கு எங்கட மவுண்ட் ரோஸ்கில்லில என்ன அலுவல்?

ரவிசங்கர்: பாஸ்கெட்பால் மேட்ச் சார். நம்ம கூட.

நோபேட்: மட்ச் அடுத்த வெள்ளியெல்லோ.

ரவிசங்கர்: அடுத்த வெள்ளியா? நேத்து நடக்க இருந்ததை, வெள்ளி வேணாம், ஒரு கிழமை தள்ளிப் போடுன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க.

நோபேட்: ஓம், சொன்னனான்.

ரவிசங்கர்: தள்ளிப் போட்டுட்டேன். வெள்ளிக்கு அடுத்த கிழமை சனி. ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

நோபேட்: ரவி... கிழமை எண்டா என்ன?

ரவிசங்கர்: கிழமைன்னா... திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை. நாளு.

நோபேட்: கிழமை எண்டா ஏழு நாள் ஐசே. ஒரு கிழமை எண்டா அடுத்த வெள்ளி.

ரவிசங்கர்: அதை நாங்க வாரம்னு சொல்லுவோம்.

நோபேட்: நீங்கள் என்னவும் சொல்லுங்கோ. சொன்னது நான், நான் சொன்னது கிழமை.

ரவிசங்கர்: கேட்டது நான் சார். எனக்கு நாளுன்னுதான விழும்...

சிசிலியா: ஆரப்பா அது, ரவித் தம்பியோ? ஏன் தம்பி நனைஞ்சுகொண்டு நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ. இந்த மனுசன் ஆக்களை வாசலிலயே வச்சுக் கதைச்சு அனுப்பிவிடும்.

ரவிசங்கர்: இல்லக்கா, உக்கார நேரமில்ல. ஹாமில்டன்லேர்ந்து டீம் வந்து மழையில நிக்குது. அவங்க கோச்கிட்ட இப்பதான் பேசிட்டு ஓடி வரேன்.

சிசிலியா: பேசினீங்களோ? ஐயோ, ஏன் தம்பி? வந்த சனத்தைப் பேசலாமோ? அதுகளும் பிள்ளையள்தானே.

ரவிசங்கர்: இல்லக்கா, நல்லபடியாத்தான் பேசினேன்.

சிசிலியா: நல்லாப் பேசிப்போட்டீங்கள் எண்டு வேற சொல்லுறீங்கள்.

நோபேட்: சிசிலி, அவையின்ர 'பேசுறது' எங்கட 'கதைக்கிறது'. அவர் ஒருத்தரையும் ஏசேல்லை. கதைச்சவர்.

சிசிலியா: அப்ப சரி. நான் பயந்திட்டன். இருங்கோ, தேத்தண்ணி...

ரவிசங்கர்: தேத்தண்ணி வேணாங்க. சாவி. ஹால் சாவி.

நோபேட்: திறப்பு என்னட்ட இல்லை.

ரவிசங்கர்: உங்ககிட்டதான சார் இருக்கும். ரெண்டு வருசமா உங்ககிட்டதான இருக்கு.

நோபேட்: இருந்தது. எங்கையோ வச்சிட்டன். தேட வேணும்.

சிசிலியா: உங்கட சேட்டுப் பொக்கற்றில உப்பிக்கொண்டு நிக்கிறது என்ன?

நோபேட்: இது... வான் திறப்பு.

சிசிலியா: வான் திறப்பு அடுப்படி ஆணியில தொங்குது.

நோபேட்: சிசிலி, நீர் கொஞ்சம் சும்மா இரும். திறப்பு கிடைச்சாலும் என்ன செய்யிறது? பெடியள் இல்லையே. நான் எல்லாருக்கும் அடுத்த வெள்ளி எண்டெல்லோ சொல்லி விட்டனான்.

ரவிசங்கர்: பையங்க இருக்காங்க சார்.

நோபேட்: எங்க?

ரவிசங்கர்: ஹால் வாசல்லதான். அவங்களும் நனைஞ்சுக்கிட்டு. நான் வியாழக்கிழமையே ஒவ்வொருத்தனுக்கா போன் பண்ணிட்டேன்.

நோபேட்: அவங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ? கோச் அடுத்த வெள்ளி எண்டு சொன்னவர், நீங்கள் சனி எண்டுறீங்கள், எண்டு?

ரவிசங்கர்: கேட்டாங்க. மாறிடுச்சுன்னு சொன்னேன்.

நோபேட்: ஆர் மாத்தினது?

ரவிசங்கர்: நாமதான். நீங்களும் நானும்... இப்ப அதுவா சார் முக்கியம்? சியோனே ராத்திரி பூரா பிரெட் ஃபேக்டரியில நின்னுட்டு அப்படியே வந்திருக்கான். தலையெல்லாம் மாவு. மழையில அது பசையாட்டம் ஒட்டிக்கிச்சு. ஃபிஜிப் பையன் அவன் தலையைப் பாத்து சப்பாத்திங்குறான்.

சிசிலியா: பாவம் அந்தப் பெடியன்.

நோபேட்: நிரூஜனுக்குக் கணுக்கால் வீக்கம். அவனை விளையாட விடேலாது.

ரவிசங்கர்: வீக்கம் போயிருச்சு. குதிச்சுக் காட்டினான்.

நோபேட்: சேட்டு இல்லை. தோய்ச்சுப் போட்டிருக்கு. இந்த மழைக்கு எப்பிடிக் காயும்?

சிசிலியா: ஆர் சொன்னது? வியாழனே காஞ்சு, மடிச்சுப் பையில வச்சது நான். ஆனா தம்பி, நீலச் சாயம் இன்னும் இறங்குது. ஒப் ஷொப்பில பழசா வாங்கின வெள்ளைச் சேட்டை நான் வாளியில வச்சுச் சாயம் போட்டால் வேற எப்பிடி இருக்கும்? போன முறை பெடியளின்ர கழுத்தெல்லாம் நீலம் எண்டு இவர் என்னைத்தான் பேசினவர். பேசினவர் எண்டா ஏசினவர். உங்கட பேச்சில்லை.

ரவிசங்கர்: புரிஞ்சுது அக்கா.

நோபேட்: சாயம் பரவாயில்லை. ஆறையும் ஒன்பதையும் ஒரே மாதிரி வெட்டித் தைச்சீரே. ரெஃப்ரி வந்து, உங்கட ரீமில ரண்டு ஒன்பது ஓடுது எண்டு மட்சை நிப்பாட்டிப்போட்டான்.

சிசிலியா: நான் சரியாத்தான் தைச்சனான். அந்தக் கொரியாப் பெடியன் சேட்டைத் தலைகீழாப் பிடிச்சுப் பாத்துப்போட்டு ஒன்பது எண்டு எடுத்தது என்ர பிழையோ?

நோபேட்: சேட்டைத் தலைகீழா ஆர் போடுறது?

ரவிசங்கர்: சார். சட்டை விசயம் அப்புறம். அந்தப் பை எங்க?

சிசிலியா: சலவை மெசின் பக்கத்தில... இல்லையே. இஞ்சதானே வச்சனான். ஓ, உங்கட மகன் டெஸ்மன் கொண்டு போட்டான். காலமையே சப்பாத்துப் பையையும் இந்தப் பையையும் தூக்கிக்கொண்டு போனவன்.

நோபேட்: அவன் டெயரிக் கடைக்கு வேலைக்கெல்லோ போனவன். டெயரியில நிண்டு பால் விக்கிறவனுக்கு சேட்டுப் பை ஏன்?

சிசிலியா: கேட்டனான். "ஜஸ்ட் பிகோஸ், மம்" எண்டான். அவன்ர மறுமொழி எல்லாம் அப்பிடித்தானே.

நோபேட்: ரவி, உமக்கு ஏதும் தெரியுமோ?

ரவிசங்கர்: எனக்கா... சும்மா தூக்கிட்டுப் போயிருப்பான் சார். பையங்கதான.

சிசிலியா: தம்பி, எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. ஆக்கள் வந்து நிக்கினம், பெடியள் நிக்கினம், திறப்பு இவற்ற பொக்கற்றில கிடக்கு. பிறகென்ன? போய்த் திறந்து விடுறதுதானே.

நோபேட்: உமக்கு விளங்காது. இது சும்மா போய் அடி வாங்கிற மட்ச். ஐஞ்சு வெளி மட்ச் விளையாடியாச்சு, ஐஞ்சும் அடி. எங்களை மாதிரிச் சின்னக் கொலிஜ் ஒண்டும் எங்களோட விளையாட வராது. அவையிட்டயும் வானுக்கு பெற்றோல் அடிக்கக் காசில்லை. வாறது முழுக்கப் பெரிய ரீம். லீக் துவங்க முன்னம் அவைக்குக் கை கால் உதறிப் பாக்க ஆரும் வேணும். அதுக்கு எங்கட பெடியள். போன மட்சில எங்களோட விளையாடின ரீமின்ர கோச் ஆறு பேரை வெளியில இருத்திப்போட்டுச் சின்னப் பெடியளை இறக்கினவன். எங்களுக்கு இரக்கப்பட்டு.

சிசிலியா: அப்ப ஏன் விளையாடுறியள்?

ரவிசங்கர்: அதைத்தான்க்கா நான் சொல்ல வரேன். நம்ம காலேஜ் டைரக்டர் இந்த வருசம் என்ன சொல்லிட்டாருன்னா, பட்ஜெட்ல விளையாட்டுக்குன்னு சும்மா எதுவும் தர முடியாது. லீக் ஆரம்பிக்கிறதுக்குள்ள வெளி டீம் கூட ஆறு மேட்ச் ஆடிக் காட்டுங்க, அப்பதான் இதை ஒரு டீம்னு ஒத்துக்கிட்டு லீக்ல பேரு கொடுப்பேன், ஹாலும் தருவேன்னு. மாசக் கடைசியில கணக்கை மூடிருவாரு. திங்கட்கிழமை மாசக் கடைசி.

சிசிலியா: அப்ப இண்டைக்கு விளையாடாட்டி?

ரவிசங்கர்: டீம் இல்ல.

சிசிலியா: அடுத்த வெள்ளி விளையாடினா?

ரவிசங்கர்: அடுத்த வெள்ளி டீமே இருக்காதுக்கா, யாரு விளையாடுறது? அவங்களும் வரமாட்டாங்க. நாளைக்கு சிட்டியில அவங்களுக்குப் பெரிய மேட்ச், போற வழியில நம்மளைப் பாத்துட்டுப் போறாங்க. அவங்களைப் பிடிக்க நான் எத்தனை தரம் போன்ல கெஞ்சினேன்னு எனக்குத்தான் தெரியும்.

சிசிலியா: இஞ்சேருங்கோ. திங்கள் கணக்கு மூடுறது உங்களுக்குத் தெரியுமோ?

நோபேட்: தெரியும்... அது, எனக்கு நினைவில நிக்கேல்லை.

சிசிலியா: தெரிஞ்சுகொண்டோ ஒரு கிழமை தள்ளச் சொன்னனீங்கள்?

நோபேட்: வெள்ளிக்கிழமையில எப்பிடி மட்ச் வைக்கிறது? தவக்காலம். சிலுவைப்பாதை இருக்கு.

ரவிசங்கர்: ஆமாக்கா, அதைத்தான் போன்லயும் சொன்னார். வெள்ளி கோயில்ல சிலுவைப்பாதை, ஒரு கிழமை தள்ளிப் போடுன்னு. நான் இந்து, எனக்கென்ன தெரியும். வெள்ளி ஆகாதுன்னா சனின்னுதான நெனப்பேன்.

சிசிலியா: அடுத்த வெள்ளியும் சிலுவைப்பாதைதானே.

நோபேட்: என்ன?

சிசிலியா: தவக்காலம் முடியும் மட்டும் எல்லா வெள்ளியும் சிலுவைப்பாதைதானே. ஒரு கிழமை தள்ளினா அங்கயும் சிலுவைதானே நிக்கும். அதோட நேற்று நீங்கள் கோயிலுக்கு வரவுமில்லை. நான் பக்கத்து வீட்டு அஞ்சலினாவோட போனனான். பாதர் உங்களைக் கேட்டவர். காய்ச்சல் எண்டு பொய் சொன்னனான். தவக்காலத்தில, கோயில் வாசலில வச்சு.

ரவிசங்கர்: சார்?

நோபேட்: எனக்கு நேற்றுத் தலையிடி.

சிசிலியா: முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கேலுமோ? உங்களுக்கு என்ன நடந்தது? ரெண்டு வருசமா இந்த ரீம் ரீம் எண்டு வீட்டில ஒரு பல்ப் மாத்த நேரமில்லாத மனுசன், ரீம் அழியிற நாள் தெரிஞ்சும்...

ரவிசங்கர்: அக்கா, ஒரு நிமிசம். நான் ஒண்ணு கேக்கட்டா? போன வாரம் வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?

சிசிலியா: வாரம் எண்டா கிழமையோ?

ரவிசங்கர்: ஆமா. உங்க கிழமை.

சிசிலியா: போன கிழமை... ஒருத்தரும் வரேல்லையே. ஓ, ஒருத்தர் வந்தவர். இன்சூரன்ஸ்காரர். நெடுவல் மனுசன், எங்கட கதவு நிலையில தலையை இடிச்சவர்.

நோபேட்: ரவி, நேரம் போகுது. அவை நனையினம் எண்டு சொன்னீர்...

ரவிசங்கர்: கால் மணி நேரம் நனைஞ்சவங்க இன்னும் ரெண்டு நிமிசம் நனையட்டும் சார். அக்கா, அவர் போட்டிருந்த ஜாக்கெட் என்ன கலர்?

சிசிலியா: பச்சை. நெஞ்சில ஒரு குருவிப் படம் போட்ட பச்சை. இன்சூரன்ஸ்காரர் இப்பிடியும் உடுத்துவினமோ எண்டு நானும் நினைச்சனான். அவற்ற இங்கிலிஸ் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை, எல்லாம் மூக்குக்குள்ளால போகுது. ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சவர். வடையும் திண்டவர். ஏன் தம்பி?

ரவிசங்கர்: அந்தக் குருவி இப்ப நம்ம ஹால் வாசல்ல நிக்குது அக்கா. அவர்தான் அவங்க கோச்.

சிசிலியா: இன்சூரன்ஸ் எண்டு எனக்கு ஆர் சொன்னது?

நோபேட்: நான்தான்.

சிசிலியா: என்னத்துக்கு?

நோபேட்: இருங்கோ ரண்டு பேரும். கதவைச் சாத்தும் சிசிலி, சாரல் அடிக்குது... டெஸ்மனைக் கேட்டு வந்தவர்.

சிசிலியா: டெஸ்மனையோ? என்ன செய்தவன்?

நோபேட்: ஒண்டும் செய்யேல்லை. விளையாடினவன். அண்டைக்கு மூண்டாவது மட்சில அந்த ஆள் ஒரு மூலையில இருந்து பாத்தவர். எங்கட ரீம் அடி வாங்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் கடைசி மட்டும் ஓடினதைப் பாத்தவர். உம்மட மகனை எங்கட கொலிஜுக்குத் தாரும், படிப்புச் செலவு முழுக்க நாங்கள், தங்கிற இடமும் நாங்கள் எண்டார். எஞ்சினியரிங் சிசிலி. நான் பெற்றோல் ஷெட்டில நிண்டு என்ர ஆயுளுக்கும் அதைக் கட்டேலாது.

சிசிலியா: மாதாவே... இதை என்னட்ட ஏன் சொல்லேல்லை?

நோபேட்: ஒரு கொழுக்கி இருந்தது. வேற ரீமில இந்த வருச லீக்குக்கு அவன்ர பேர் போயிருந்தா அவை எடுக்கேலாது. எங்கட ரீம் லீக்குக்குப் போனா அவன்ர பேரும் போகும்.

ரவிசங்கர்: போகலைன்னா, அவன் ஃப்ரீ.

நோபேட்: ஓம்.

சிசிலியா: அப்ப அவனை மட்டும் ரீமில இருந்து எடுத்து விடுறதுதானே. அதுக்கேன் இந்தக் கிழமையும் சிலுவையும்?

நோபேட்: நானெல்லோ கோச். மற்ற ஏழு பெடியளையும் ஒவ்வொருத்தனாப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தது நான். சியோனேயின்ர தாயிட்டப் போய், உன்ர மகன் குடிக்கப் போகமாட்டான், என்னோட விளையாடட்டும் எண்டு சொன்னது நான். அவங்களின்ர முகத்தைப் பாத்து, என்ர மகன் போறான், நீங்கள் ஏழு பேரும் ஏதாவது செய்யுங்கோ எண்டு எந்த வாயால சொல்லுறது? லீக்குக்கு எட்டுப் பேர் வேணும், ஏழு பேரை வச்சு விளையாடவும் ஏலாது. அதுதான்... பட்ஜெட் கொல்லட்டும் எண்டு விட்டன். டைரக்டர் கொண்டார் எண்டு சொன்னா ஒருத்தரும் என்னைக் கேக்கமாட்டினம்.

ரவிசங்கர்: அதுக்குத்தான் ஒரு கிழமை.

நோபேட்: அதுக்குத்தான். நல்ல காலம், நீர் நாளெண்டு விளங்கிக் குழப்பிப்போட்டீர். நல்ல காலமோ கெட்ட காலமோ... எனக்கே விளங்கேல்லை.

சிசிலியா: எனக்குக் கோபம் வருது. சொல்லிப்போட்டன். அழுகையும் வருது. எதை முதல் செய்யிறது எண்டு தெரியேல்லை. மகன்ர சீவியத்தைக் கதைக்க வந்த மனுசனுக்கு நான் இன்சூரன்ஸ் எண்டு நினைச்சுப் பழைய வடையைச் சூடாக்கிக் குடுத்திருக்கிறன்.

நோபேட்: அவர் நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவர்.

சிசிலியா: நீங்கள் கதையாதேங்கோ. டெஸ்மனுக்கு இது தெரியுமோ?

நோபேட்: தெரியாது. அவர் வந்த அண்டைக்கு அவன் அறைக்குள்ள காதில ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடந்தவன். சொன்னால் மாட்டன் எண்டுவான். அவன்ர கூட்டாளியள் அவங்கள். எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்.

ரவிசங்கர்: நீங்க எனக்கு போன் பண்ணப்ப அவன் வீட்லதான இருந்தான்?

நோபேட்: இருந்தவன். சோபாவில. அதுக்கென்ன, நான் தமிழிலதானே உம்மோட கதைச்சனான். அவனுக்குத் தமிழ் காதில விழுறதோட சரி. சோறு, தண்ணி, வா, போ. அதுக்கு மேல ஒண்டும் விளங்காது.

ரவிசங்கர்: ம்...

சிசிலியா: தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் என்ன செய்வியள்?

ரவிசங்கர்: என்னைக் கேக்காதீங்கக்கா. நான் நடுநிலை இல்ல. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறேன், அறைக்குப் போறேன், தயிர் சாதம் சாப்டுட்டுத் தூங்குறேன். இந்த எட்டுப் பேர் இருக்குறதாலதான் எனக்குச் சனின்னு ஒரு நாள் இருக்கு. சார் என்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ஆனா, டெஸ்மன் போக வேணாம்னும் சொல்லியிருக்க மாட்டேன். அதான் குழப்பமா இருக்கு.

நோபேட்: எனக்கும் அதேதான் ரவி. ஒரு பக்கம் இவன். மற்றப் பக்கம் ஏழு பேர். ரண்டு பக்கமும் நானே நிண்டா எப்பிடி விளையாடுறது?

சிசிலியா: நான் சொல்லட்டோ? அவன்ர சீவியத்தை அவனைக் கேட்டுச் செய்யுங்கோ. பத்தொன்பது வயசு. டெயரியில காசு எண்ணி நேர்மையாக் குடுக்கிற பிள்ளைக்கு இதுக்கு மட்டும் புத்தி இல்லாமப் போகுமோ? இப்ப முதல் திறப்பைக் குடுங்கோ. மழையில நிக்கிறது எல்லாம் ஆரோ பெத்த பிள்ளையள்.

நோபேட்: ...இந்தாரும் ரவி. பொக்கற்றிலதான் கிடந்தது.

ரவிசங்கர்: நான் மட்டும் போகமாட்டேன் சார். நீங்க வரணும்.

நோபேட்: அந்த மனுசன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது? ரீம் முடியப் போகுது, ஒரு கிழமை பொறுங்கோ எண்டெல்லோ அவருக்குச் சொன்னனான்.

ரவிசங்கர்: அவருக்கு இங்கிலீஷ்லதான சொன்னீங்க?

நோபேட்: ஓம், வீக் எண்டுதான் சொன்னனான். அவர் குழம்பமாட்டார். நான்தான் குழம்பி நிக்கிறன்.

சிசிலியா: நானும் வாறன்.

நோபேட்: நீரோ? நீர் ஒரு நாளும் வந்ததில்லையே.

சிசிலியா: ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே. என்ர சேட்டு எப்பிடி விளையாடுது எண்டு பாக்க வேணும். பொறுங்கோ, தலை துடைக்கத் துவாய் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாறன். ரெண்டு ரீமுக்கும் காணுமோ தெரியாது.

ரவிசங்கர்: என் கார்லயே போயிடலாம். அக்கா, பின்னாடி ஏறிக்குங்க. அந்தப் பந்தை அப்படி ஓரமாத் தள்ளிட்டு... ஆங்.

நோபேட்: டொமினியன் ரோட்டால போகாதேயும். சனிக்கிழமை, கார் நகராது.

ரவிசங்கர்: சான்ட்ரிங்ஹாம் ரோடுலயே நேரா போயிடுறேன்.

நோபேட்: டெயரிக்கு ஒருக்கா விட்டுக்கொண்டு போவமோ? டெஸ்மனை ஏத்த வேணும். அவன் இல்லாட்டி ஏழு பேர்தான். நிரூஜனையும் அரைவாசிக்கு மேல விடேலாது.

ரவிசங்கர்: வேணாம் சார்.

நோபேட்: ஏன்?

ரவிசங்கர்: எட்டுப் பேரும் நிக்குறாங்க.

நோபேட்: எட்டோ? எட்டாவது ஆர்?

ரவிசங்கர்: டெஸ்மன். காலையில ஒம்பது மணிக்கே வந்துட்டான். சட்டையெல்லாம் கொடுத்தாச்சு. கொரியாப் பையனுக்கு ஆறு எது ஒம்பது எதுன்னு சொல்லிட்டு இருந்தான்.

சிசிலியா: பாத்தீங்களோ, ஆறு சரியாத்தான் தைச்சிருக்கிறன்.

நோபேட்: பொறும் சிசிலி. ரவி, அவனை ஆர் கூப்பிட்டது? நீர் போன் பண்ணினீரோ?

ரவிசங்கர்: இல்ல. உங்க வீட்டுக்கு அடிச்சா நீங்கதான எடுப்பீங்க.

நோபேட்: நானும் சொல்லேல்லை. அப்ப இண்டைக்குத்தான் மட்ச் எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? 'பேசுறது' எண்டா என்னெண்டு உமக்குத் தெரியும். திறப்பு எண்டா சாவி எண்டு தெரியும். ரண்டு வருசமா எங்கட கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர். பச்சை ஜாக்கெட் எண்டு ஒருத்தரும் சொல்ல முன்னம் நீர் கலர் கேட்டனீர். ரோட்டைப் பாத்து ஓட்டும், ஆனா மறைக்காமச் சொல்லும். கிழமை எண்டா என்னெண்டு உமக்கு முதலே தெரியும்தானே?

ரவிசங்கர்: தெரியும் சார். ரெண்டு வருசமாத் தெரியும். ஆனா அந்த யோசனை என்னோடது இல்ல. நீங்க போன் பண்ணின மறுநாள் காலையில டெஸ்மன் கம்ப்யூட்டர் லேப்ல வந்து நின்னான். எல்லாத்தையும் சொன்னான், கோச் வந்தது, நீங்க பேசினது, எல்லாத்தையும். ஹெட்போன்ல பாட்டே ஓடலையாம். இங்கிலீஷ்ல இல்ல, தமிழ்லயே. கடைசியா, "அங்கிள், அப்பா கிழமை எண்டு சொன்னா நீங்கள் நாள் எண்டு எடுங்கோ. நீங்கள் இந்தியாதானே, அப்பா நம்புவார்"ன்னான்.